சாமிகுத்தமும் ஒரு போட்டாப் பெட்டியும்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மூச்சிரைக்க ஏறிப் போனால் உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. மண்டபம் இருக்கிறது, தூணில் சிற்பம் இருக்கிறது, கருவறையும் இருக்கிறது. சாமியைத்தான் காணோம். வெளியூர்க்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, இருட்டைக் கண்டு, "எங்கப்பா சாமி?" என்று கூட வந்தவரைக் கேட்கிறார்கள். ஏறி வந்த உழைப்பு வீணாகக் கூடாதென்று வாசலில் நின்று தங்களையே படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். இதற்குத் தொல்லியல் துறை டிக்கெட் போடுகிறது.

அம்மன் எங்கே போனாள் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கோட்டையை 1605இல் கட்டியவர் மதுரை நாயக்கர் வம்சத்து முத்துக்கிருஷ்ணப்பர். 1755இல் மைசூர்க்காரர்களின் ஃபௌஜ்தாராக வந்து இங்கே உட்கார்ந்தவர் ஹைதர் அலி. அவர் மகன் திப்பு காலத்தில், மேலே அபிராமியைக் கும்பிட வருகிற கூட்டத்தோடு ஒற்றர்களும் ஏறி வருகிறார்கள் என்று சந்தேகம் எழுந்ததாம். தேங்காய் பழத் தட்டோடு வருகிறவனில் எவன் பக்தன், எவன் பீரங்கியை எண்ணிக்கொண்டு போகிறவன் என்று நெற்றியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்தர்களைச் சோதிப்பதைவிட அம்மனை இடம் மாற்றுவது சுலபம் என்று யாரோ ஒரு கெட்டிக்கார அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. அம்மனைக் கீழே இறக்கி ஊருக்குள் குடிவைத்துவிட்டார்கள். இன்று ஊர் நடுவே காளஹஸ்தீஸ்வரரோடு இருக்கிறாளே, அவள்தான் என்பார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் சிலர், "பாத்தீங்களா, உருவமே ஆகாதவங்க" என்று ஒரு முத்தாய்ப்பு வைப்பார்கள். திப்புவுக்கு உருவம் ஆகாது என்பதை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள அவருடைய தரியா தௌலத் மாளிகைச் சுவர் ஒப்புக்கொள்ளாது. 1780இல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் வெள்ளைக்காரனை அடித்த அடியை அந்தச் சுவர் முழுக்க வரைய வைத்திருக்கிறார். ஹைதர் இருக்கிறார், திப்பு இருக்கிறார், யானை, குதிரை, வெட்டுப்பட்ட தலைகள் எல்லாம் இருக்கின்றன. தோற்ற கர்னல் பெய்லி பல்லக்குக்குள் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். எதிரி விரல் கடிப்பதை ஓவியமாகப் பார்க்கும் சுகத்தை எந்தச் சுல்தானும் சாஸ்திரம் பார்த்து விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

திப்பு காலம் போன பிறகு, மலைக்குக் கீழே ஊருக்கு வேறொரு கோஷ்டி வந்து சேர்ந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரைக்கு வந்து, அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் கடை விரித்தது. நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் பரம்பரை. உருவம் என்றாலே உடம்பு எரியும். இந்துக் கோயிலைப் பார்த்து எரிந்தது எதிர்பார்த்ததுதான். பக்கத்துத் தெருவில் சேசு சபைச் சாமியார்கள் மாதாவுக்கு மாலை போட்டுத் தேரில் இழுப்பதைப் பார்த்தபோது இன்னும் கூடுதலாக எரிந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே பத்துக் கட்டளை. எண்ணும் முறையில்தான் தகராறு. சீர்திருத்தக்காரர்களுக்கு 'உருவம் செய்யாதே' என்பது இரண்டாவதாகத் தனியே நிற்கும் கட்டளை. கத்தோலிக்கர் அதை முதல் கட்டளைக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு, குறைகிற ஒன்றைச் சரிக்கட்டக் கடைசிக் கட்டளையை இரண்டாக்கிக்கொண்டார்கள்: பிறன் மனைவி ஒன்பதாவது, பிறன் சொத்து பத்தாவது. "இரண்டாவதை ஒளித்துவிட்டீர்கள்" என்று இவர்கள் கத்த, "நீங்கள் மனைவியையும் மாட்டையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறீர்கள்" என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

திண்டுக்கல் புனித வளனார் தேவாலயம் 1866 முதல் 1872 வரை ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டு சொரூபங்களோடு எழுந்தது. எதிர்த்தரப்பு மிஷனரிகளுக்குக் கிராமத்தில் ஆள் சேர்வது கடினமாக இருந்தது. பிரசங்கத்துக்கு வருகிறவன் பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிறான். அப்போதுதான் அவர்களுக்குக் கிடைத்தது மாய விளக்கு. இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கேற்றி, வர்ணம் பூசிய கண்ணாடித் தகடுகளைச் செருகினால் இயேசு ஆளுயரத்துக்கு ஒளிவிட்டு நிற்பார். ஊரே குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்தது. சிலை செய்தால் பாவம், துணியில் விழுந்தால் பாவமில்லை. தட்டை எடுத்துவிட்டால் சாமி மறைந்துவிடுகிறாரே, கும்பிட நேரமேது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்களோ என்னவோ. எங்கள் ஆட்கள் மறைவதற்குள் கும்பிட்டிருப்பார்கள். 1905இல் திருச்சி ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, இயேசுவின் வாழ்க்கையைக் கூடாரம் கூடாரமாக ஓட்டியபோது, சாமி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் வெள்ளைத் துணியிலிருந்து தப்பவில்லை.

அதற்கு முந்தைய கதைக்கு ஒரு கும்பினிக் காப்டன் வேண்டும். பெயர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசு 1856இல் இவரை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858 தொடக்கத்தில் வண்டிகளில் மரப்பெட்டி, மருந்துக் குப்பி, மெழுகுக் காகிதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று இந்தப் பக்கமெல்லாம் சுற்றினார். முந்தின ஆண்டுதான் வடக்கே சிப்பாய்க் கலகம். ஒரு வெள்ளைக்காரன் மூன்று கால் பெட்டியைக் கோபுரத்துக்கு நேரே நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் ஊர் என்ன நினைக்கும்? கோயில்காரர்கள் ரொம்ப நிதானமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். கோபுரமா, எடுத்துக்கோ. தெப்பக்குளமா, எடுத்துக்கோ. மண்டபத் தூணா, வெயில் இருக்கிற வரைக்கும் எடுத்துக்கோ. கருவறைப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதே.

மீனாட்சியைப் படம் எடுக்க முடியாது. ஆனால் துரைக்கு எதையாவது காட்டி அனுப்ப வேண்டுமே. மீனாட்சியின் நகைகள் காமிராவுக்கு முன்னால் வந்தன. அந்தப் படம் இன்றும் இருக்கிறது: கழுத்தில்லாத அட்டிகைகளும் தலையில்லாத கிரீடமும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடகுக் கடையில் ஏலத்துக்கு முந்தின நாள் எடுத்த மாதிரி. அம்மன் தப்பித்தாள். இந்தியாவில் படப்பிடிப்புக்கு நகையை மட்டும் அனுப்பிவைத்துத் தான் வராமலிருந்த முதல் பெண்மணி மீனாட்சியாகத்தான் இருப்பாள்.

ட்ரைப்பின் படங்களில் இன்னொரு விசேஷம். அந்தக் காலத்து மெழுகுக் காகிதத்தில் உருவம் படிய நிமிஷக் கணக்கில் ஆகும். அதற்குள் குறுக்கே நடந்து போனவன், கூடையோடு வந்தவள், வேடிக்கை பார்த்த பையன் யாருமே பதிய மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் மதுரைத் தெரு ஊரடங்கு போட்ட மாதிரி வெறிச்சோடிக் கிடக்கும். இதை நீங்கள் வேதியியல் என்பீர்கள். கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒருவன் பிறகு அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? கோபுரம் இருக்கிறது, வீதி இருக்கிறது, நான் எங்கே? பெட்டி ஆளைத் தின்றுவிடும் என்று சொன்னவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன்னால் அவர்கள் கையில் இருந்த ஆதாரத்தையும் பார்க்க வேண்டும்.

ட்ரைப்பின் பிழைப்பைக் கெடுத்தது எந்தச் சாமியும் இல்லை. 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். கலகத்துக்குப் பிந்தைய கஜானாவுக்கு இந்தப் போட்டா வேலை ஆடம்பரம் என்று எழுதி மூடிவிட்டார். உருவப்பட எதிர்ப்பின் சரித்திரத்தில் அதிகப் பலன் கண்ட எதிர்ப்பு நிதித் துறையிடமிருந்து வந்ததுதான்.

இதே காலத்தில் வடலூர்ப் பக்கம் ஒருவர் காமிராவை வேறு விதமாகச் சமாளித்தார். வள்ளலாரைப் படம் எடுத்தே தீருவதென்று அன்பர்கள் சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற கைதேர்ந்த புகைப்படக்காரரை வரவழைத்தார்கள். எட்டு முறை எடுத்தார். எட்டு முறையும் வெள்ளை ஆடை மட்டும் விழுந்தது, ஆள் விழவில்லை என்று அடியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒளியுடம்பு என்பது அவர்கள் விளக்கம். அந்தக் காலத்து மருந்துக்கு வெயிலில் வெள்ளை வேட்டியும் முக்காடும் சேர்ந்தால் முகம் என்ன ஆகும் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் வேறு விளக்கம் சொல்லக்கூடும். அதற்குள் நான் போகவில்லை. எட்டாவது தடவை பணம் கேட்டபோது மாசிலாமணி முதலியார் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் என் கவலை. அதையும் யாரும் படம் எடுக்கவில்லை. பண்ருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் வள்ளலார் உருவம் செய்து கொண்டுவந்து கொடுத்ததாகவும், அதை அவர் கையிலிருந்து நழுவவிட்டு உடைத்ததாகவும் இன்னொரு கதை. 1872இல் கட்டிய சத்திய ஞான சபையில் உருவம் கிடையாது. ஏழு திரைக்குப் பின்னால் ஒரு சோதி மட்டும். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஆள் போனதுதான் தாமதம், முக்காட்டோடு அவர் படம் தமிழ்நாடு முழுக்க வந்துவிட்டது. அன்னதானம் நடக்கும் இடமெல்லாம் மாட்டியிருக்கிறது. முகம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. முக்காடு சரியாக இருக்கிறது.

இனி அப்பத்தாக்கள். திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு சட்டம் இருந்தது: போட்டா புடிச்சா ஆயுசு குறையும். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் நடுவில் நிற்கிறவனுக்குக் கட்டாயம் ஆபத்து. இதில் வாதத்துக்கே இடமில்லை. "அந்தப் பயல் டவுனுக்குப் போயி போட்டா புடிச்சான், ஆறு மாசத்துல வாந்தி பேதியில போனான்" என்பார்கள். வாந்தி பேதியில் போட்டா புடிக்காதவர்களும் கும்பல் கும்பலாகப் போனார்கள் என்பது புள்ளிவிவரம் படித்தவனின் பேச்சு, அப்பத்தாவிடம் செல்லுபடியாகாது.

பாரிஸில் பால்ஸாக் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். உலகமே கொண்டாடிய மேதை. அவருக்கும் இதே கருத்து. மனித உடம்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய ஆவிப் படலங்கள், ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் காமிரா மேலிருந்து ஒரு படலத்தை உரித்துக்கொண்டு போய்விடுகிறது என்று நம்பினார். அவருடைய நண்பரும் பெரிய புகைப்படக்காரருமான நாதார் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். பால்ஸாக்கின் தொப்பை அளவுக்குப் படலங்கள் இருந்தால் கொஞ்சம் உரிந்தாலும் நஷ்டமில்லை என்று நாதார் கிண்டலும் செய்திருக்கிறார். பாரிஸ்காரர் சொன்னால் தத்துவக் கோட்பாடு. வேடசந்தூர் அப்பத்தா சொன்னால் மூடத்தனம்.

அப்பத்தாவின் கொள்கை உறுதி சாகும் வரைதான். செத்த மறு மணி நேரத்தில் ஓர் ஆள் சைக்கிளில் டவுனுக்குப் பறப்பான். "தொரை வந்து படம் எடுக்கணும், காரு வச்சாவது கூட்டியா" என்பார்கள். ஸ்டுடியோக்காரர் வருவதற்குள் கிழவியைக் குளிப்பாட்டி, பட்டுப் புடவை கட்டி, நாடிக்குத் துணி கட்டி, நெற்றியில் காசு வைத்து, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவார்கள். பின்னால் இருந்து ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்வார். சுற்றி மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். காமிராக்காரர் பழக்க தோஷத்தில் "ஆடாம இருங்க" என்பார். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னதைக் கேட்டு ஒழுங்காக நடந்துகொண்டது அப்பத்தா ஒருத்திதான். ஆயுள் முழுக்கப் படமே எடுக்காதவள், தன் வாழ்நாளின் ஒரே படத்தில் அசங்காமல் தெளிவாக விழுந்தாள். நகர்ந்த பேரன்தான் மங்கிப்போனான்.

இதோடு முடியவில்லை. படத்தில் கண் மூடியிருக்கிறதே என்று வீட்டில் குறைப்படுவார்கள். ஸ்டுடியோவில் டச்சிங் வேலை செய்கிறவர் மெல்லிய தூரிகையால் கண்ணைத் திறந்து வரைந்து கொடுப்பார். கோயிலில் சிலை செய்யும் ஸ்தபதி கடைசியாகச் செய்வதும் இதைத்தான்: தங்க ஊசியால் கண் திறப்பது, அதோடு கல் சாமியாகிவிடும். டச்சிங் ஆசாமிக்குத் தங்க ஊசியெல்லாம் கிடையாது, ஐந்தோ பத்தோ கூலிதான். வேலை அதேதான். ஃப்ரேம் போட்டு, மாலை சாத்தி, சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியவிட்டால் அப்பத்தா குலதெய்வத்துக்குப் பக்கத்து ஆணியில் சேர்ந்துவிடுவாள். ஆணிக்கு மேலே சிவகாசிக் காலண்டர். கொண்டைய ராஜு கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்து பழக்கிவிட்ட ஆப்பிள் கன்னத்து முருகன் அதில் சிரிப்பான்.

முஸ்லிம்களிடம் இந்த விவாதம் கொஞ்சம் கறாராக நடந்தது. அவர்களிடம் எழுத்து ஆதாரம் உண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்தவனிடம் மறுமை நாளில், 'செய்தாயே, இப்போது இதற்கு உயிர் கொடு பார்க்கலாம்' என்று கேட்கப்படும் என்பது நபிமொழி. டச்சிங் ஆசாமியை நினைத்தால் எனக்கே கவலையாக இருக்கிறது. அக்பர் பாதுஷா இதற்கு ஒரு குதர்க்கமான பதில் வைத்திருந்ததாக அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார்: ஓவியன் ஒவ்வொரு உறுப்பாக வரைந்து முடித்தபின் உயிர் மட்டும் தன்னால் கொடுக்க முடியாது என்று உணர்கிறான், அப்போது அவனுக்குப் படைத்தவன் நினைவு வருகிறது, ஆகவே ஓவியன் மற்றவனைவிட இறைவனுக்கு அருகில் இருக்கிறான். பாதுஷா சொன்னால் ஓவியர்கள் ஆமோதிக்காமல் என்ன செய்வார்கள்.

காமிரா வந்தபோது உலமாக்கள் பல ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1914 முதல் 1920 வரை எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல் முத்தீஈ ஒரு தனி நூலே எழுதினார். புகைப்படக்காரன் எதையும் படைக்கவில்லை, கண்ணாடியில் விழும் நிழல் ஓடிப்போகாமல் பிடித்து வைக்கிறான், அவ்வளவுதான் என்பது வாதம். எவ்வளவு நயம் பாருங்கள். படைத்தால்தான் குற்றம்; காவலில் வைத்தால் குற்றமில்லை. தேவ்பந்த் மதரஸா ஒத்துக்கொள்ளவில்லை. 2013இலும் போட்டா கூடாது என்றே சொன்னது. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் விலக்கு. விலக்கு இல்லாமல் எப்படி? மக்காவுக்கே போவதென்றாலும் பாஸ்போர்ட்டில் ஒரு படம் ஒட்டினால்தான் விமானத்தில் ஏற்றுகிறார்கள்.

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் உள்ள மதுரையிலிருந்து இந்த விவாதம் நீதிமன்றம் ஏறியது. 2006இல் மதுரை மத்தியத் தொகுதி இடைத்தேர்தலுக்குத் தேர்தல் ஆணையம் படத்தோடு கூடிய வாக்காளர் பட்டியல் தயாரித்தது. கோஷாப் பெண்களின் முகத்தைப் பட்டியலில் அச்சடித்து எல்லாக் கட்சி ஏஜெண்டுகள் கையிலும் கொடுப்பது மதவுரிமைக்கு விரோதம் என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அந்தச் செப்டம்பரிலேயே மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போய், 2010 ஜனவரியில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் அமர்வு, அவ்வளவு கூச்சமாக இருந்தால் ஓட்டுப் போட வரவேண்டாமே என்கிற பொருளில் பேசி அனுப்பியது. முகத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது என்பதே என் கட்சி. வார்டு ஏஜெண்டு கையில் என் படம் இருப்பதை நினைத்தால் எனக்கே கோஷா போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மனுதாரர் தரப்பில் விட்டுவிட்ட ஒரு வாதம் உண்டு. டி.என். சேஷன் 1993இல் உத்தரவு போட்ட நாளிலிருந்து நாட்டில் அச்சாகிவரும் வாக்காளர் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். இறைவன் படைத்த எந்த ஜீவராசியின் சாயலும் அதில் இராது. படைப்பைப் போலச் செய்தல் என்ற குற்றம் அங்கே எழவே வழியில்லை. திண்டுக்கல்காரர்களுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. 1973 மே மாத இடைத்தேர்தலில் நின்றவர் மாயத்தேவர், ஜெயித்தது சுவரில் ஒட்டியிருந்த எம்.ஜி.ஆர். படம்.

இன்னொரு பக்கம் பழனி. திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற சாமி. மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணியைப் போகர் ஒன்பது பாஷாணம் சேர்த்துச் செய்தார் என்பது ஐதீகம். அந்தத் திருமேனிக்கு 2004இல் ஒரு பஞ்சலோகப் பிரதியைக் கருவறைக்குள் வைத்தார்கள். முருகன் படத்தை வீட்டில் பத்து, வண்டியில் ரெண்டு, கழுத்தில் ஒன்று என்று வைத்திருக்கும் பக்தர்கள், இந்த ஒரு பிரதியைக் கண்டு கொதித்துவிட்டார்கள். சில மாதங்களில் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் அது போலீஸ், வழக்கு என்று வேறு பாதையில் போனது.

இப்போது பிரதி எடுக்க ஸ்தபதி தேவையில்லை, பாக்கெட்டில் இருக்கிற போன் போதும். வரிசையில் நெரிபட்டுக்கொண்டே போய், சந்நிதியில் கிடைக்கும் நாலு விநாடியில் கும்பிடுவதா, எடுப்பதா என்ற தர்மசங்கடத்தில் எடுத்துவிடுகிறான் பக்தன். மூலவர் அன்று மாலையே வாட்ஸப்பில் 'குட் ஈவினிங்' சொல்கிறார். திருச்செந்தூர் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்றது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் தடை. மீனாட்சி கோயில் பட்டர்கள் ட்ரைப் துரையிடம் 1858இல் வாயால் சொன்னதையே இப்போது போர்டில் எழுதியிருக்கிறார்கள். படிப்பாதை, வின்ச், ரோப் கார் எங்கே ஏறினாலும் கீழே கவுண்டர் இருக்கிறது. ஐந்து ரூபாய் கட்டி, போனைக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கவுண்டருக்கு எதிரே இருக்கும் கடைகளில் அதே முருகன் ராஜ அலங்காரத்தில், வேடன் கோலத்தில், ஆண்டிக் கோலத்தில், கண்ணாடி ஃப்ரேம் போட்டு எல்லா சைஸிலும் தொங்குகிறார். அதற்குத் தடை இல்லை, பேரம் உண்டு. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பத் தலைவர் ஒருவர் நாலு போனையும் ஒப்படைத்துவிட்டு டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "தொலைச்சுப் போட்டீங்கன்னா நாலு போனும் போச்சு" என்கிறாள் மனைவி. "எதுக்குத் தொலையுது? ஒரு போட்டா எடுத்து வச்சுக்கிட்டாப் போச்சு" என்று இடுப்பைத் தடவுகிறார்.